மூன்றாவது போன்

குழந்தையின் படத்துக்கு யாரோ இதயம் போட்டிருந்தார்கள்.

கணவனாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள்.

“என்னங்க, பாப்பா கொட்டாவி விடற படத்துக்கு ஹார்ட் போட்டது நீங்கதானே?”

“நானா? அப்படி ஒரு படம் இருக்கிறதே எனக்குத் தெரியாது.”

படங்களெல்லாம் எங்கோ ஒரு கம்பெனியின் இணையக் கணக்கில் இருப்பவை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் வைத்திருக்கும் கணக்கு. பாஸ்வேர்டு அவனுக்கும் அவளுக்கும் மட்டுமே தெரியும்.

பதறிப்போய்த் திறந்து பார்த்தாள். கணக்குக்குள் இருந்தவை மூன்று போன்கள். ஒன்று அவளுடையது, இன்னொன்று அவனுடையது. மூன்றாவது, பேரில்லாமல் வெறும் எழுத்தும் எண்ணுமாக நின்றது.

பாப்பா குப்புற விழுந்த படத்துக்கு இதயம். பொக்கை வாய்ச் சிரிப்புக்கு இதயம். குளிப்பாட்டும்போது எடுத்த படத்துக்கும்.

“எவனோ ஒரு பொறுக்கி தினம் தினம் நம்ம குழந்தையைப் பார்த்துக்கிட்டிருக்கான்!”

“பாஸ்வேர்டை மாத்து. வேலை முடிஞ்சுது.”

“மாத்தினா உஷாராயிடுவான். கோபத்துல எல்லாப் படத்தையும் அழிச்சுட்டான்னா? முதல்ல சத்தமில்லாம எல்லாத்தையும் வீட்டுக்குக் கொண்டு வரணும். அப்புறம் கணக்கையே மூடணும்.”

“வீட்டுக்குன்னா?”

“நம்ம வீட்டுக்குள்ளேயே ஒரு சர்வர், படமெல்லாம் சேர்த்து வைக்கிற பெரிய கம்ப்யூட்டர். நானே கட்டறேன்.”

பிரசவத்துக்கு முன்னால் அவள் ஓர் ஆபீஸில் கம்ப்யூட்டர் பழுது பார்த்தவள். அடுத்த நாளிலிருந்து பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. மதர்போர்டு, பிராசசர், விசிறிகள், கனத்த கிராபிக்ஸ் கார்டு, செங்கல் மாதிரி ஹார்ட் டிஸ்க்குகள்.

“பாப்பா படம் போட்டு வைக்க இவ்வளவு பெரிய மெஷினா? இதுல ராக்கெட்டே விடலாம் போலிருக்கே!”

“வீடியோவெல்லாம் ஓடணும். முகம் பார்த்து அதுவே பிரிச்சு அடுக்கணும். அத்தனையும் இந்த நாலு சுவருக்குள்ளேயே நடக்கணும். சிரிக்காதீங்க.”

அவன் சிரிப்பை விழுங்கினான். பட்டப்பகலில் ஜன்னலையெல்லாம் சாத்தி வைத்திருப்பவளிடம் என்ன பேசுவது?

“இப்படிப் பயந்தா பால் வத்திப் போயிடும்மா. உங்கம்மாவைத் துணைக்குக் கூப்பிடேன்.”

“விடுவாரா எங்கப்பா? ‘எனக்குப் பொண்ணே பொறக்கலை’ன்னு நம்ம கல்யாணத்தன்னிக்கே கதவைச் சாத்தின மனுஷன். இப்படி ஒரு பேத்தி இருக்கிறதே அவங்களுக்குத் தெரியாது.”

பாப்பா தூங்கும் நேரம் பார்த்துச் சாப்பாட்டு மேஜையில் கடை பரப்பினாள். உடம்பில் தேங்கிய மின்சாரம் ஒரு சொட்டு பட்டாலும் போர்டு போய்விடும். ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டரின் இரும்புக் கூட்டைத் தொட்டுவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டாள். பிராசசரை உட்கார வைத்துக் கொக்கியை அழுத்தியபோது நறுக்கென்று ஒரு சத்தம். அப்படித்தான் சத்தம் வரும் என்று தெரியும். தெரிந்தும் உயிர் போய் வந்தது.

வெளியே யாரோ செருப்பைத் தேய்த்து நடந்தார்கள். கையில் திருப்புளியோடு எழுந்து போய், தாழ்ப்பாளைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தாள்.

“அடுத்த வீட்டுக்காரர் மாடி ஏறுறாரு” என்றான் கணவன்.

“தெரியும்” என்றாள். திருப்புளியை மட்டும் கீழே வைக்கவில்லை.

கடைசியில் பொத்தானை அழுத்தினாள். விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது.

“போச்சா?”

“அந்த வாயைக் கொஞ்சம் மூடுங்களேன்!”

பிராசசருக்குக் கரண்ட் கொடுக்கும் ஒயரைச் செருக மறந்திருந்தாள். செருகி மறுபடி அழுத்தினாள். எல்லா விசிறிகளும் சீறிக் கிளம்பின. திரையில் எழுத்து ஓடியது. சத்தத்தில் பாப்பா விழித்து வீறிட, வாரி எடுத்துக்கொண்டு அவளும் கூடவே அழுதாள்.

படங்கள் எல்லாம் வீட்டுக்குள் இறங்கி முடிந்ததும், பழைய கணக்கைத் தடமில்லாமல் அழித்தாள்.

“இனிமே எந்தக் கண்ணும் என் பொண்ணைப் பார்க்க முடியாது.”

அன்றுதான் ஜன்னலைத் திறந்தாள்.

இரண்டு நாள் கழித்து, முன்பின் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

“குழந்தை நல்லா இருக்கா?” என்றது ஒரு கம்மிய குரல்.

அவள் எட்டி ஜன்னலைச் சாத்தினாள். “யா... யாரு?”

“அம்மாதான்டி. எங்க நம்பர்னா எடுக்க மாட்டியோன்னு பக்கத்து வீட்டு போன்ல பேசறேன். குழந்தைக்கு ஒண்ணும் இல்லையே? காய்ச்சல் கீய்ச்சல்னு...”

“குழந்தை பொறந்தது உனக்கு எப்படிம்மா தெரியும்?”

“நீ அலமாரியில விட்டுட்டுப் போனியே பழைய போன், அதுக்கு உங்கப்பா தினமும் சார்ஜ் போட்டு வச்சிருந்தாருடி. நீ எடுக்கிற போட்டோவெல்லாம் அதுல வந்துக்கிட்டே இருந்துச்சு. ஒருநாள் குழந்தையே வந்துச்சு. ரெண்டு நாளா ஒண்ணையும் காணோம். மனுஷனுக்குப் பச்சைத் தண்ணிகூடப் பல்லுல படலை.”

அவள் பாப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“இதோ, என் பக்கத்துலதான் நிக்கிறாரு. குழந்தையைக் கொஞ்சம் போன்கிட்ட கொண்டு வாயேன். ‘ங்கா’ன்னு ஒரு சத்தம் கேட்டாப் போதுமாம். ‘நான் கேட்டேன்னு மட்டும் சொல்லிடாதே’ங்கிறாரு.”