அருமையான கிராஃப்

திருபுவனை கம்பெனியில் டேட்டா அனலிஸ்ட்டான நவீன்குமார், உற்பத்திக் கணக்கைக் கலர் கலரான கிராஃபாக்கி, ஷெட் சுவரிலிருந்த பெரிய டி.வி.யில் ஓடவிட்டான். டீ நேரமானால் டி.வி. முன்னால் ஒரே கூட்டம். மேனேஜர் அரங்கநாதனே வந்து நின்று, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, "அருமைப்பா!" என்றார்.

நவீனுக்குத் தலைகால் புரியவில்லை. சீனியர் பதவி கேட்டு அன்றைக்கே அவருக்கு மெயில் தட்டிவிட்டான்.

திங்கட்கிழமை டி.வி. முன்னால் ஈ, காக்கை இல்லை.

"இன்னாக்கா, கிராஃப் பாக்க இன்னிக்கி ஒருத்தரையும் காணோம்?" என்று மிஷின் ஓட்டும் விஜயராணியைக் கேட்டான்.

"எந்த கிராஃபு? டி.வி.க்கு மேல இருந்த ஃபேனத்தான் கழட்டி அந்தாண்ட மாட்டிட்டாங்களே தம்பி!"

அவள் கைகாட்டிய பக்கம், மொத்தக் கூட்டமும் வெறுஞ்சுவரைப் பார்த்து நின்றிருந்தது. நடுவில் அரங்கநாதன், கண்ணைப் பாதி மூடியபடி சொல்லிக்கொண்டிருந்தார்:

"அருமைப்பா!"