ஆள் எண்ணும் பெட்டி

நாற்பத்தேழு.

கேட்டைத் திறந்து அந்தப் பக்கம் போனாள். மூடினாள். பத்தடி நடந்தாள். திரும்பினாள்.

நாற்பத்தெட்டு.

கண்டக்டரம்மா ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகிறது. முப்பது வருடம் பஸ்ஸில் ஆள் எண்ணியவள், இன்று காலையிலிருந்து தன்னைத்தானே எண்ணிக்கொண்டிருந்தாள். டிக்கெட் இல்லாமல் ஒரு ஸ்டாப் தூரம்கூட யாரையும் விடாதவள் என்று பேர் எடுத்தவள் செய்கிற காரியமா இது? இல்லைதான். முழங்கால் வேறு உயிரை வாங்கியது.

மலைப்பாதைகளைக் கவனிக்கும் அலுவலகத்தார் கேட்டின் தூணில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பெட்டியைப் பூட்டி வைத்திருந்தார்கள். யார் கடந்தாலும் எண்ணிக்கொள்ளும். வருடத்துக்கு எழுநூறு தடவையாவது ஆள் கடக்காத ஒற்றையடிப் பாதையை வரைபடத்திலிருந்தே எடுத்துவிடுவார்களாம். எடுத்துவிட்டால் அது நிலத்துக்காரருக்குப் போய்விடும்.

பெட்டியைத் திறந்து பார்க்க அலுவலகத்திலிருந்து பதினொரு மணிக்கு வருகிறார்கள். இப்போது மணி பத்தரை.

இந்த வருடம் விடாத மழை. மலையேற வருகிறவர்கள் பாதிப்பேர் வரவில்லை. அவள் போட்ட கணக்கில் அறுநூற்று நாற்பதைத் தாண்டவில்லை. இன்னும் அறுபது வேண்டும்.

நாற்பத்தொன்பது.

பாதையைப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலர்கள் மொத்தம் ஆறு பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் முள்ளை வெட்டுவார்கள், சரிந்த கல்லைத் தூக்கி வைப்பார்கள், மழைத்தண்ணீர் ஓட வழி கீறிவிடுவார்கள். ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துக்கொண்டபோது, இந்தத் துண்டு எனக்குத்தான் என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கினாள். மற்ற ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

நிலத்துக்காரர் அவளுடைய அண்ணன். பேச்சு நின்று ஏழு வருடம். மனுஷனை வெறுப்பேற்றத்தான் கேட்கிறாள் என்று நினைத்தார்கள்.

நினைத்துவிட்டுப் போகட்டும்.

அம்மா கடைசிக் காலத்தில் யார் வீட்டில் இருப்பது என்று வந்த சண்டை அது. என் வீட்டில்தான் என்று இரண்டு பேருமே நின்றார்கள். அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் சண்டை போகவில்லை. இனி என் வாசற்படியை மிதிக்காதே என்றார் அண்ணன். அவளும் சளைக்காமல் அதையே திருப்பிச் சொன்னாள்.

வாசற்படியைத்தானே மிதிக்கக் கூடாது? பாதை பொது. அவருடைய சமையலறை ஜன்னலுக்கு இருபதடி தள்ளித்தான் போகிறது. அரிவாளோடு குனிந்துகொண்டால் யார் என்ன கேட்டுவிட முடியும்? அண்ணன் தனிக்கட்டை. கொடியில் சட்டை மாறுகிறதா, அடுப்பு எரிகிறதா, போன மாதத்து இருமல் நின்றதா எல்லாவற்றையும் புல் வெட்டியே தெரிந்துகொண்டாள்.

பாதை போனால் அதுவும் போச்சு. மனுஷன் படுத்த படுக்கையாகக் கிடந்தாலும் மூன்றாம் மனிதர் வந்து சொல்லித்தான் அவளுக்குத் தெரியவேண்டும்.

ஐம்பத்திரண்டு. ஐம்பத்து மூன்று.

அண்ணன் வீட்டுக் கதவு திறந்தது. வாளியும் கையுமாக வெளியே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவளைப் பார்த்தார். தூணைப் பார்த்தார். அவள் சட்டென்று குனிந்து, இல்லாத புல்லைப் பிடுங்கினாள்.

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தொலைந்தது. வருகிற ஆளிடம் போட்டுக் கொடுத்துவிடுவார். பாதை போனால் லாபம் அவருக்குத்தானே? நடையை எட்டிப் போட்டாள். தாழ்ப்பாள் கையில் வழுக்கியது. ஒரு தடவை கேட்டில் புடவை மாட்டிக் கிழிந்தது. அதைப் பார்க்கக்கூட நேரமில்லை.

அறுபது. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்று.

கீழே ஜீப் வந்து நின்றது.

ஏறி வந்தவள் சின்ன வயசுப் பெண். மூச்சு வாங்கிக்கொண்டே பெட்டியைத் திறந்து போனோடு இணைத்தாள். கண்டக்டரம்மாவுக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அண்ணன் வீட்டுக் கதவு திறக்கவே இல்லை.

"ஆயிரத்து நானூத்தி முப்பத்தொண்ணு" என்றாள் அந்தப் பெண். பிறகு திரையில் எதையோ பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள். மெல்ல நிமிர்ந்து, கண்டக்டரம்மாவின் சேறு அப்பிய செருப்பைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "இன்னிக்குக் காலைல நடந்ததக் கழிச்சாலும் ஆயிரத்து முந்நூத்தி எழுவது வருதும்மா. கவலப்படாதீங்க."

மானம் போனதுகூட அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. ஆள் கணக்கில் ஒன்றிரண்டு பிசகலாம். பாதிக்குப் பாதி எப்படிப் பிசகும்?

அந்தப் பெண் போனைத் திருப்பிக் காட்டினாள். "இதோ பாருங்க. விடியக்காலம் அஞ்சேகாலுக்கு யாரோ மேலேருந்து கேட்டத் தாண்டிக் கீழ போறாங்க. சரியா இருவது நிமிஷத்துல திரும்பி வந்துடறாங்க. வருஷம் பூரா, மழை நாள்லகூட ஒரு நாள் விடல. உங்க குழுவுல யாராவதா?"

குழுவில் யாரும் எட்டு மணிக்கு முன்னால் வந்ததில்லை.

கேட்டுக்கு மேலே இருப்பது ஒரே ஒரு வீடு. கீழே, பாதை தொடங்குமிடத்திலும் ஒரே ஒரு வீடுதான், அவளுடையது. கேட்டிலிருந்து அவள் வாசலுக்கு இறங்க எட்டு நிமிடம். திரும்ப ஏறி வரப் பத்து.

மீதி இரண்டு நிமிடம்.

வருடம் முழுக்க அந்த இரண்டு நிமிடமும், கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அவள் தூங்கியிருக்கிறாள்.