இன்றைக்குப் பச்சை

“சத்தம் போடாம இழுங்க. அப்படியே கட்டிலுக்கு அடியில தள்ளுங்க. அந்தாளு கண்ணுல பட்டா நம்ம கதை கந்தல்!” மனைவி ஜன்னலோரம் நின்று தெருவைப் பார்த்தபடியே அதட்டினாள்.

கணவர் மூச்சு வாங்க இரண்டு தண்ணீர் கேன்களையும் உள்ளே தள்ளினார். மறைப்புக்குப் போர்வையைத் தொங்கவிட்டார்.

அவர்கள் வீட்டுக் குழாய் அந்த லட்சணம். பக்கத்துச் சாய ஆலையில் என்ன நிறம் காய்ச்சுகிறார்களோ, மறுநாள் அது குழாயில் வரும். அன்றைக்குப் பச்சை. அதில் குளித்துக் குளித்து மகளுக்கு உடம்பெல்லாம் தடிப்பு. “முதல்ல இந்த இடத்தை விட்டுப் போங்க” என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆனால் வீடு பார்க்க வந்தவர்கள் எல்லாம் குழாயைத் திறந்ததுமே செருப்பைத் தேடினார்கள்.

“தெரிஞ்சே ஒருத்தர் தலையில கட்டுறோமே, பாவமில்லையாடி?”

“நமக்கு வித்தவன் பாவம் பாத்தானா? வாயை மூடிக்கிட்டு சிரிங்க. வந்துட்டாரு.”

வந்தவர் வாட்டசாட்டமான ஆள். ஒரு பக்கத் தோள் மட்டும் சற்று இறங்கியிருந்தது. படுக்கையறையை எட்டிக்கூடப் பார்க்காமல், முன்னறைத் தரையை அழுத்தி மிதித்துப் பார்த்தார். வாசல் வரைக்கும் வண்டி வருமா, தெருவில் எத்தனை குடும்பம் என்று விசாரித்தார்.

“ரொம்பப் புடிச்சிருக்கு. இன்னைக்கே அட்வான்ஸ் குடுத்துடறேன்” என்றவர், “ஆமா, தண்ணி எப்படிங்க?” என்றார்.

மனைவி முந்திக்கொண்டாள். “தண்ணியா? அமிர்தம்ங்க!” சமையலறைக்கு ஓடி, முன்பே கேனிலிருந்து பிடித்து வைத்திருந்த சொம்பைக் கொண்டுவந்து நீட்டினாள். “இப்பதான் குழாயில புடிச்சேன். குடிச்சுத்தான் பாருங்களேன்.”

குடித்தார். முகம் சுண்டிப்போனது.

“பக்கத்துல ஆலை இருக்குதே?”

“அது பாட்டுக்கு அது இருக்கு.” உள்ளே மகள் சொறிந்துகொள்ளும் சத்தம் வெளியே கேட்காமலிருக்க ஒருமுறை இருமிவிட்டு, கணவரும் துணிந்தார். “சத்தியமா சொல்றேன், இந்தத் தெருவுல ஒருத்தர்கூட காசு குடுத்துத் தண்ணி வாங்கறதில்லை!”

வந்தவர் சொம்பை வைத்துவிட்டு வாசல் பக்கம் திரும்பினார். “மன்னிச்சுக்கங்க. இந்த இடம் எனக்குச் சரிப்படாது.”

“ஏங்க, இப்பதானே புடிச்சிருக்குன்னீங்க?” மனைவிக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் செருப்பை மாட்டியபடி சொன்னார்: “தண்ணி இவ்வளவு நல்லா இருந்தா, எங்கிட்ட யாரும்மா கேன் வாங்குவா?”