முதல் சுருட்டு

"வாயில வெச்சே பழக்கமில்லாத ஆளுக்கு ஒரு சுருட்டு குடுங்க" என்றாள் அவள், வெடுக்கென்று.

கடைக்காரர் சிரித்தார். "வீட்டுக்காரருக்கா? இந்த வயசுல ஆசை வந்துடுச்சாக்கும்! இது ஒல்லி, காரம் கம்மி."

"கம்மியெல்லாம் வேணாம். நெஞ்சு எரியணும்."

"மனுஷன் மேல அப்படியென்ன கோபம்? முதல் இழுப்புலயே தலை சுத்தி விழுந்துடுவாரும்மா."

அவள் தானே தடித்த ஒன்றை எடுத்து, இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தாள். "இது சரியா இருக்கு."

"அடேயப்பா! சுருட்டைப் பத்தி உங்களுக்கென்ன தெரியும்?"

"இருபத்திரண்டு வருஷமா சுருட்டுக் கம்பெனியில இதைச் சுருட்டுறவ நான்." இருமல் அடங்கும்வரை மேசையைப் பிடித்துக்கொண்டாள். "இலைத் தூசி நெஞ்சை அரிச்சிடுச்சு. வைத்தியம் பாருங்கன்னு போய் நின்னேன். புகை பிடிச்சதால வந்த நோய், கம்பெனி பொறுப்பில்லைன்னு கம்பெனி டாக்டர் இப்பத்தான் எழுதிக் குடுத்தாரு."

கடைக்காரர் சிரிப்பை விழுங்கினார். "அப்போ இது வீட்டுக்காரருக்கு இல்லையா?"

"எனக்குத்தான். அந்த டாக்டர் மூஞ்சிக்கு நேரா நின்னு இழுக்கப் போறேன். அவ்வளவு படிச்ச மனுஷன் எழுதினது பொய்யாயிடக் கூடாதில்ல? தீப்பெட்டியையும் எடுங்க."