கத்தினாலும் திறக்கக் கூடாது

அன்று பூட்டிய அறைகளுக்குள் இருந்தவர்கள்: முதல் அறையில் ஓர் ஆடிட்டர், அடுத்ததில் மேற்படிப்புத் தேர்வுக்குப் படிக்கும் ஒரு பல் டாக்டர், கடைசி அறையில் ஒரு புது ஆள். வெளியே, சாவிக்கொத்தோடு அவள் ஒருத்தி.

"அக்கா... நெஞ்சைப் பிசையுதுக்கா. கதவைத் திறங்க."

குரல் கடைசி அறையிலிருந்து வந்தது. அவள் டீயை ஆற்றுவதை நிறுத்தவில்லை.

"வசனத்தையெல்லாம் பேப்பர்ல எழுதுங்க தம்பி. என்கிட்ட வேணாம்."

சீரியலுக்கு வசனம் எழுதுகிறவன் என்றுதான் காலையில் வந்திருந்தான். எழுத உட்கார்ந்தால் கை தானாகப் போனுக்குப் போகிறதாம். அவளிடம் வருகிற எல்லாருக்கும் அதே வியாதிதான். போன், பர்ஸ், வாட்ச் எல்லாவற்றையும் வாங்கிக் கூடத்து இரும்பு அலமாரியில் பூட்டிவிட்டு, ஆளையும் அறைக்குள் தள்ளிப் பூட்டுவாள். சொன்ன நேரத்துக்கு முன்னால் திறக்க மாட்டாள். அதற்குத்தான் காசு. வார்டனம்மா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள்.

"எப்படிக் கத்தினாலும் திறக்க மாட்டீங்கல்ல?" என்று புது ஆள் கேட்டிருந்தான்.

"செத்தாலும் திறக்க மாட்டேன்."

"பக்கத்து ரூம்ல இருக்கறவங்க?"

"அவங்களே உள்ள கிடக்கறாங்க. சத்தம் கேட்டா காதுல பஞ்சை வெச்சுக்குவாங்க."

"அப்ப சரியான இடம்தான்" என்று சிரித்துவிட்டு உள்ளே போனான். கால் சில்லென்று ஆகிவிடும் என்று ஷூவை மட்டும் கழற்றவில்லை.

இப்போது உள்ளே நாற்காலி தடாலென்று விழுந்தது. பிறகு ஒரு முனகல். "அக்கா, சத்தியமா... மூச்சு..."

டீ டம்ளரைக் கீழே வைத்தாள். போன மாதம் ஆடிட்டரும் இப்படித்தான் முனகினார். பதறிப்போய்த் திறந்தாள். மனுஷன் நேராகத் தெருமுனைக் கடைக்குப் போய் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துவிட்டு வந்தார். அதோடு விட்டாரா, 'கெஞ்சினால் திறந்துவிடுகிறார்கள்' என்று நெட்டில் ஊருக்கெல்லாம் தெரிய எழுதியும் போட்டார். அறைகள் காலியாகின. இனி கெஞ்சினாலும் திறக்கக் கூடாது என்று சொல்லி அவரே திரும்பி வந்திருக்கிறார். இன்னொரு தடவை அப்படி நடந்தால் அண்ணன் வீட்டில்தான் போய் நிற்க வேண்டும். அண்ணி சோற்றுத் தட்டை ணங்கென்று வைக்கும் சத்தம் இப்போதே காதில் கேட்டது.

இரண்டாவது அறைக் கதவை மெல்லத் தட்டினாள். "டாக்டர், நெஞ்சு வலின்னா என்ன செய்யணும்?"

"நான் பல் டாக்டர்தான்க்கா" என்றது உள்ளிருந்து சலிப்பான குரல். "ஆடிட்டரும் இதேதான் சொன்னாரு. மறுபடியும் ஏமாறப் போறீங்களா? படிக்க விடுங்க, நான் காதுல பஞ்சை வெச்சுக்கறேன்."

கடைசி அறைக் கதவில் காதை வைத்தாள். முனகல் நின்றிருந்தது. பேனா ஓடும் சத்தம் இல்லை. பேப்பர் திரும்பும் சத்தம் இல்லை.

"தம்பி?"

கதவைத் தட்டினாள்.

"தம்பி, விளையாடாதீங்க. ஒரு வார்த்தை பேசுங்க, போதும்."

கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். செத்தாலும் திறக்க மாட்டேன் என்று தானே வாய்விட்டுச் சொன்னது நினைவுக்கு வந்தது. பூட்டிய அறைக்குள் ஒரு பிணம், சாவி இவள் கையில். போலீஸ் கேட்டால் என்ன சொல்வாள்? கவனம் சிதறக் கூடாதென்று சும்மா இருந்தேன் என்றா?

சாவியைத் துவாரத்தில் விட்டுத் திருப்பினாள். கதவைத் தள்ளினாள். நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் தரையில் இரண்டு ஷூக்கள், குதிகால் மேலே பார்க்க.

"ஐயோ, தம்பி." சாவிக்கொத்தைக் கதவிலேயே விட்டுவிட்டு ஓடி மண்டியிட்டாள்.

ஷூக்களுக்குள் கால் இல்லை.

முதுகுக்குப் பின்னால், கதவு மறைவிலிருந்து யாரோ சத்தமில்லாமல் நகர்ந்தார்கள். அவள் திரும்புவதற்குள் கதவு சாத்திக்கொண்டது. சாவி திரும்பியது.

"டீ ஆறிடும்க்கா. நான் குடிச்சுக்கறேன்" என்றான் வெளியிலிருந்து. மூச்சுத் திணறலெல்லாம் போன இடம் தெரியவில்லை.

மேஜைமேல் காகிதக் கட்டு இருந்தது. ஒன்றில்கூட ஓர் எழுத்து இல்லை.

கூடத்தில் இரும்பு அலமாரி கிறீச்சிட்டது. போன்கள் ஒன்றோடொன்று மோதிப் பைக்குள் விழுந்தன. அவள் தன் போனையும் டீ டம்ளர் பக்கத்திலேயே வைத்திருந்தாள். இரண்டு கையாலும் கதவை அடித்தாள். தொண்டை கிழியக் கத்தினாள். "யாராவது வாங்க. திருடன். கதவை உடைங்க."

அவன் அவசரப்படவில்லை. வாசலில் யாருடைய செருப்பையோ போட்டுப் பார்த்து, பொருந்தாமல், வேறொன்றை மாட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு தெருக்கதவு சாத்தி, வெளியிலிருந்து பூட்டப்பட்டது.

அவள் இன்னும் பலமாக அடித்தாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பல் டாக்டர் பதிலுக்கு ஒரு தட்டுத் தட்டினார்.

"யாரும்மா அது, புதுசா? வார்டனம்மா திறக்க மாட்டாங்க, பேசாம படிங்க."