கறுப்புக் கட்டம்

கடை திறக்கும் அன்று காலையிலேயே கபீர் பாய்க்கு ஒப்பாரி வைக்க ஆள் வந்துவிட்டது.

தோட்டத்துக் கருப்பாயி மாரில் அடித்துக்கொண்டே உலு திராம் கடைத்தெருவுக்குள் நுழைந்தாள். கல்லாவில் மனுஷன் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். அழுகை பாதியில் நின்றது.

"பாய், நீங்க செத்துப் போயிட்டீங்கன்னு பேப்பர்ல போட்டிருக்காங்களே?"

"யாரு படிச்சுச் சொன்னா?"

"படிக்க என்ன இருக்கு? கறுப்புக் கட்டத்துக்குள்ள உங்க படம். தோட்டத்து ஆபீஸ் கிராணி ஐயா வீட்டுல என் கண்ணால பார்த்தேன்."

அவள் கையிலிருந்த நேற்றைய சிங்கப்பூர்ப் பத்திரிகையை வாங்கிப் பார்த்தார் பாய். 'ஜஹாங்கீர் கபீர் சாப்பாட்டுக்கடை. அனைவரும் வருக.' அவர் கொடுத்த விளம்பரம்தான். சுற்றிலும் மட்டும் மரண அறிவிப்புக்குப் போடுகிற தடித்த கறுப்புக் கோடு.

"அலமாக், அச்சுக்காரன் என்னை உயிரோட புதைச்சுட்டானே."

"நல்ல நாளும் அதுவுமா கத்தாதீங்க" என்றாள் சுலைஹா. பாயின் கையெழுத்து பாய்க்கே புரியாது. விளம்பரக் கடிதம் எழுதி அனுப்பியது மனைவி சுலைஹாதான்.

பாயின் வயிற்றெரிச்சல் வேறு. ஜஹாங்கீர் அவருடைய தம்பி. ஆறு வருஷத்துக்கு முன்பு, கடைப் பலகையில் யார் பெயர் முதலில் என்று சண்டை போட்டு, "இனி நீங்க செத்தா, உங்க மையத்துக்குத்தான் வருவேன்" என்று மூவாருக்குப் போனவன். இப்போது புதுக் கடைப் பலகையில் அவன் பெயரையே முதலில் எழுதிவிட்டார். நேரில் போய்க் கூப்பிடத்தான் வாய் வரவில்லை. விளம்பரத்தைப் பார்த்தாவது வருவான் என்று ஒரு நப்பாசை. அதையும் அச்சுக்காரன் கெடுத்துவிட்டான்.

மதியம் பஸ்ஸிலிருந்து ஒருவன் செருப்பில்லாமல் இறங்கி ஓடிவந்தான். கல்லாவில் அண்ணனைப் பார்த்ததும், "நானா" என்று கட்டிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

"விளம்பரத்தைப் படிக்கலையாடா ஜஹாங்கீர்? உன் பேருதானே முதல்ல இருக்கு."

"கறுப்புக் கட்டத்துக்குள்ள உங்க முகம், நானா. அதுக்கப்புறம் எழுத்து எங்க தெரியுது?"

பாய்க்கும் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கக் கோபத்தைக் கூப்பிட்டார்.

"நாளைக்கே சிங்கப்பூர் போய் அந்த அச்சுக்காரனை ஒரு கை பார்க்கிறேன்."

சுலைஹா இருவருக்கும் சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்தாள்.

"அவரை ஏசாதீங்க. கறுப்புக் கட்டம் போடச் சொல்லி எழுதினது நான்தான். மையத்துக்குத்தான் வருவேன்னு போனவரு, விருந்துன்னா வருவாரா?"