மஞ்சள் இழை

வேர்க்கடலை பிடுங்கிய கொல்லையில், ரிட்டையரான பட்டாளத்துக்காரர் சகாதேவன் ஞாயிறுதோறும் மெட்டல் டிடெக்டரோடு நடப்பார். எந்தக் காலத்துப் படையோ கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் தங்கிப்போனதில் பித்தளைப் பட்டன்கள் கிடைக்கும். புளி போட்டுத் தேய்ப்பது மனைவி தனத்தின் வேலை.

இன்று இரண்டு முழ ஆழத்தில் கிடைத்த பட்டனில் பச்சையாகக் களிம்பேறியிருந்தது. தேய்க்கத் தேய்க்க, பின்வளையத்தில் மஞ்சள் நூல் மூன்று சுற்றும் ஒரு முடிச்சுமாகத் தெரிந்தது.

"இது நான் போட்ட முடிச்சுங்க" என்றாள் தனம்.

போன மாதம் லீவு முடிந்து மகன் வளவன் பட்டாளத்துக்குக் கிளம்பும்போது அணிவகுப்புச் சீருடையில் ஒரு பட்டன் அறுந்திருந்தது. வீட்டில் நூல் தீர்ந்திருந்தது. திருவண்ணாமலைக் கோயிலில் வாங்கிவைத்த புதுத் தாலிக்கயிற்றில் ஓர் இழை உருவித் தைத்து அனுப்பினாள்.

தனம் உடனே போன் போட்டாள். வளவனே எடுத்தான்.

"நல்லாதாம்மா இருக்கேன். எல்லாப் பட்டனும் இருக்குது. நீ தச்சதுதான் கெட்டியா இருக்குது."

சகாதேவன் போனை வாங்கினார். "கழுத்துல பேரும் நம்பரும் போட்ட தகடு இருக்குதாடா?"

"இருக்குதுப்பா. ஏன்?"

பட்டனுக்கும் கீழே, அதே குழியில் கிடைத்த அரித்துப்போன தகடு அவர் கையில் இருந்தது. அதில் பொறித்திருந்த மகனின் பெயர் தனத்தின் கண்ணில் பட்டுவிடாமல் விரல்களை இறுக மூடிக்கொண்டார்.